குடித்த கோகோ உடம்பில் ஒட்டியதா?

ஏழெட்டு மாதங்கள் என் காலை ஒரே மாதிரிதான் விடிந்தது. இரண்டு தேக்கரண்டி கோகோப் பொடி, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்று, தண்ணீர். மிக்சியில் ஒரு சுற்று விட்டு, நுரை அடங்குவதற்குள் குடித்துவிடுவேன். பால் சேர்ப்பதில்லை. பால் பட்டால் கோகோவில் இருக்கும் நல்லதெல்லாம் வீண் என்று எப்போதோ படித்தது மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றிருந்தது. சர்க்கரையும் வேண்டாம், அதற்குத்தான் வாழைப்பழம். பொடியிலும் சமரசம் இல்லை. கண்ணில் பட்டதிலேயே அட்டைக் கருப்பாக இருந்ததைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தேன். நிறம் கூடினால் வீரியமும் கூடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகவே முடிவு கட்டிக்கொண்டது. இதைப் பற்றி வாய் ஓயாமல் பேசி அக்காவையும் ஒரு டம்ளர் குடிக்க வைத்தேன். அது போதாதென்று நண்பர்கள் இருவருக்கும் பரிந்துரை செய்தேன்.

அப்புறம் ஒருநாள், 2023இல் வெளியான ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக்காரர்கள் செய்தது. கோகோவில் இருக்கும் ஃபிளவனால் என்ற தாவரப் பொருளை வாழைப்பழக் கூழோடு குடித்தால் ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, மாத்திரையாகத் தனியே விழுங்கினால் எவ்வளவு ஏறுகிறது என்று ஒப்பிட்டிருந்தார்கள். வாழைப்பழத்தோடு குடித்தபோது ரத்தத்தில் ஏறிய உச்ச அளவு 84 சதவீதம் குறைவு. பெர்ரிப் பழக் கூழோடு குடித்தபோது அப்படி எதுவும் இல்லை. அந்த 84ஐ நான் இரண்டு மூன்று முறை படித்தேன். ஒருவேளை 8.4ஆக இருக்குமோ என்றுகூடப் பார்த்தேன்.

அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்போ இத்தனை மாசம் குடிச்சதுல எதுவுமே உடம்புல ஒட்டலையாடா?"

கேலிக்குக் கேட்டதுதான். ஆனால் அந்த 'ஒட்டுவது' என்ற சொல் என்னை விடவில்லை. எத்தனை போட்டாலும் உடம்பில் ஒட்டமாட்டேன் என்கிறது என்று ஒல்லியான பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறோம். சாப்பிட்டது சுவரில் பூசிய சுண்ணாம்பு மாதிரி உள்ளே போய் அப்பிக்கொள்ள வேண்டும், அப்பிக்கொண்டால் பலன், வழிந்து போனால் நட்டம். என் மனதில் இருந்த படமும் அதுதான். அடுத்த சில வாரங்கள் கையில் கிடைத்த கட்டுரைகளையெல்லாம் படித்ததில் அந்தப் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. எப்படிக் கலைந்தது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

வாழைப்பழம் செய்த வேலை

ஆப்பிளை நறுக்கி வைத்தால் பழுப்பேறுகிறது, வாழைப்பழத்தை உரித்து வைத்தால் கருக்கிறது. இரண்டையும் செய்வது பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. பழத்தின் செல்லுக்குள் இந்த நொதி ஓர் அறையிலும், அது தின்னக் காத்திருக்கும் பீனால்கள் என்ற பொருள்கள் வேறோர் அறையிலும் இருக்கும். கோகோவின் ஃபிளவனாலும் பீனால் இனம்தான். கத்தி பட்டுச் சுவர் உடையும்போது இரண்டும் சந்திக்கும், காற்றின் ஆக்சிஜனும் வந்து சேரும், பழுப்பு நிறம் பிறக்கும். நான் தினமும் செய்தது என்ன? நொதி நிறைந்த பழத்தைக் கத்தியைவிட மோசமாக நொறுக்கி, அது ஆசையாகத் தின்னும் பொருளைக் கூடவே போட்டு, காற்றையும் நன்றாக அடித்து ஏற்றியிருக்கிறேன். ஒரு நொதிக்கு விருந்து வைப்பதென்றால் இதைவிடச் சிறப்பாக வைக்க முடியாது.

அந்த ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு, எனக்கு அதுதான் சுவாரசியம். டம்ளரில் கலந்ததால்தானே வம்பு, தனித்தனியே எடுத்தால் சரியாகிவிடுமே என்று தோன்றும் அல்லவா? அதையும் சோதித்திருக்கிறார்கள். வாயில் போகும் வரை இரண்டும் தொட்டுக்கொள்ளாதபடி கொடுத்தபோதும் ரத்தத்தில் அளவு குறைந்தது. முன்புபோல் அவ்வளவு இல்லை, ஆனாலும் குறைந்தது. அதாவது வயிற்றுக்குள் போன பிறகும் நொதி வேலையை நிறுத்தவில்லை. வயிற்றின் அமிலத்தில் எல்லாம் செத்துவிடும் என்று நாம் நினைப்பது ஓரளவுக்குத்தான் சரி. சாப்பிட்டவுடன் வயிறு அத்தனை புளிப்பாக இருப்பதில்லை. உணவே அமிலத்தை நீர்த்துவிடுகிறது.

வாழைப்பழத்தின் மேல் மட்டும் கோபப்படவும் முடியவில்லை, ஏனென்றால் கோகோ விதைக்குள்ளேயே இதே நொதி இருக்கிறது. கோகோக் காயை உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் விதைகள். பெரும்பாலான ரகங்களில் விதையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே நல்ல ஊதா நிறம். அந்த நிலையில் அதைக் கடித்தால் கசப்பும் துவர்ப்பும் நாக்கை இழுத்துப் பிடிக்கும். விதைகளைக் குவியலாகப் போட்டு, இலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விடுகிறார்கள். குவியல் சூடேறி, சதை புளித்து, அசெட்டிக் அமிலம் விதைக்குள் இறங்கி, முளை செத்து, செல் சுவர்கள் உடைந்ததும் விதையின் சொந்த நொதியே விதையின் சொந்தப் பீனால்களைத் தின்ன ஆரம்பிக்கிறது. ஊதா மங்கிப் பழுப்பாகிறது, துவர்ப்பு தணிகிறது. சாக்லேட் வாசனைக்கு அடிப்படை போடுவதும் இந்தப் புளிப்புதான். இது இல்லாமல் வறுத்தால் எவ்வளவு வறுத்தாலும் அந்த மணம் வராது. நாம் விரும்புகிற மணமும், நாம் தேடிப் போகிற ஃபிளவனாலும் ஆரம்பத்திலிருந்தே எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால், சுவையான கோகோவைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

கருப்பாக இருந்ததுதான் வினை

என் அட்டைக் கருப்புப் பொடிக்கு வருகிறேன். கோகோப் பொடியின் இயல்பான நிறம் வெளிர் பழுப்பு. லேசாகப் புளிப்படிக்கும், துவர்க்கும், தண்ணீரில் சரியாகக் கலக்காது. 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பத்தார் கோகோவைக் காரத்தோடு (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான அல்கலி) சேர்த்துப் பதப்படுத்தும் முறையைப் பரப்பினார்கள். டச்சு முறை என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரம் சேர்த்தால் புளிப்பு போகும், துவர்ப்பு போகும், நிறம் கருக்கும், குடிக்கவும் மெத்தென்று இருக்கும். அந்த மெத்தென்ற தன்மைக்கு என்ன விலை என்பதை 2008இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. காரம் படாத பொடியில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. லேசாகக் காரம் சேர்த்ததில் 13.8. நன்றாகக் கருக்கும் அளவுக்குச் சேர்த்ததில் 3.9. நான் வீரியம் என்று நினைத்து வாங்கியது அந்தக் கடைசி ரகத்தை. பொடியிலேயே பத்தில் ஒரு பங்குதான் மிச்சம், அந்த மிச்சத்தையும் வாழைப்பழத்துக்குப் படைத்திருக்கிறேன்.

சாக்லேட் உறையில் பெரிதாகப் போடும் 70 சதவீதம், 85 சதவீதம் என்ற எண்ணையும் நான் இதே மாதிரிதான் நம்பியிருந்தேன். அது கோகோவிலிருந்து வந்த பொருள் மொத்தமாக எத்தனை பங்கு என்பதன் கணக்கு. கோகோ வெண்ணெயும் அதில் சேர்த்தி, அந்தக் கொழுப்பில் ஃபிளவனால் இருப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். எத்தனை நாள் புளித்தது, எவ்வளவு வறுபட்டது, காரம் பட்டதா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது.

வறுப்பதில் ஒரு நுட்பமான திருட்டும் நடக்கிறது. கோகோவின் முக்கியமான ஃபிளவனால் எபிகேட்டசின். சூட்டிலும் காரத்திலும் அது அழிவது ஒருபக்கம் இருக்க, அழியாமல் உருவம் மாறுவதும் உண்டு. சட்டையின் ஒரு கையை மட்டும் உட்புறம் வெளியே வரும்படித் திருப்பினாற்போல, மூலக்கூறின் ஓரிடம் மட்டும் திரும்பிக்கொண்டு கேட்டசினின் ஒரு வடிவமாகிவிடும். அணுக்கள் அதே அணுக்கள், எண்ணிக்கையும் அதே. ஆனால் குடல் அதை அவ்வளவாக உள்ளே விடுவதில்லை. இந்த வகை மூலக்கூறுகளின் நான்கு வடிவங்களையும் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, நன்றாக ஏறியது விதையில் இயல்பாக இருக்கும் எபிகேட்டசின். மிகக் குறைவாக ஏறியது சூட்டில் உருமாறி வரும் அந்தக் கேட்டசின். எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் அளந்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

பால் மேல் விழுந்த பழி

பாலை நான் ஒதுக்கியதற்குப் பின்னால் இருந்தது, தேடிப் பார்த்தபோது, 2003இல் நேச்சர் இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை. 12 பேருக்குக் கருப்புச் சாக்லேட் கொடுத்து அளந்தார்கள். பாலோடு கொடுத்தபோதும், பால் சாக்லேட் கொடுத்தபோதும் ரத்தத்தில் எபிகேட்டசின் குறைவாக ஏறியது. பாலின் புரதம் ஃபிளவனாலைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பது விளக்கம். உலகம் முழுக்கச் செய்தியாகப் பரவியது அது. அதே ஆண்டு அதே இதழில் வேறொரு குழு மறுப்பு எழுதியது, பால் சேர்த்தாலும் தங்கள் அளவீட்டில் மாற்றமில்லை என்று. பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும், இருந்தால் சிறு பாதிப்பு என்கிற பக்கமே சாய்ந்தன. மறுப்பு எதுவும் என் காதுவரை வரவில்லை. வதந்திக்குக் கால் இருக்கிறது, திருத்தத்துக்கு இல்லை. பால் சாக்லேட்டில் ஃபிளவனால் குறைவாக இருப்பது உண்மைதான், ஆனால் அதற்கு முதல் காரணம் அதில் கோகோவே குறைவாக இருப்பது.

ஆக, அநேகமாகக் குற்றமற்ற பாலை வெளியே நிறுத்திவிட்டு, கையும் களவுமாகப் பிடிபட்ட வாழைப்பழத்தை நடுவீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு முறை சிரிக்க வைக்க வேண்டாம் என்றுதான்.

எட்டுப் பேர் குடித்த கதிரியக்கம்

இதுவரை சொன்னதெல்லாம் எவ்வளவு உள்ளே போகிறது என்பது பற்றியது. 2016இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்த இரவுதான் கேள்வியே வேறு என்று எனக்கு உறைத்தது. அதற்கு முன்பு ஆய்வாளர்கள் ரத்தத்தில் எபிகேட்டசினை அளந்த விதத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ரத்தத்தில் எபிகேட்டசின் தனியாக அகப்படாது, அதன்மேல் ஏதேதோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நொதியைப் போட்டு அந்த ஒட்டுகளையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சும் எபிகேட்டசினை எண்ணுவார்கள். மொத்த எண்ணிக்கை கிடைக்கும். வந்தவர் எந்த உடையில் வந்தார் என்பது போய்விடும். பெருங்குடலில் உடைந்து வேறு பொருளாகப் போனவை கணக்கிலேயே வராது.

2016 ஆய்வில் மூலக்கூறுக்குள்ளேயே ஓர் அடையாளம் வைத்தார்கள். எபிகேட்டசினின் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் கார்பன்-14. மிகச் சிறிய அளவு கதிரியக்கம், ஆனால் அந்த மூலக்கூறு எத்தனை வேடம் போட்டாலும், எத்தனை துண்டானாலும், அந்தக் கார்பன் இருக்கும் துண்டைப் பின்தொடரலாம். எட்டு ஆண்கள், ஆளுக்கு 60 மில்லிகிராம். குடித்த பிறகு ரத்தம், சிறுநீர், மலம் எல்லாவற்றையும் சேகரித்துக் கணக்குப் பார்த்தார்கள்.

குடித்ததில் சுமார் 82 சதவீதம் உடம்புக்குள் போயிருந்தது. தாவரப் பொருள்கள் உடம்பில் சேர்வதே இல்லை என்று அதுவரை படித்திருந்த எனக்கு முதல் அதிர்ச்சி அது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்தது. ரத்தத்தில் 20க்கும் மேற்பட்ட வேறு வேறு பொருள்கள் கிடைத்தன, குடித்த எபிகேட்டசின் குடித்த வடிவிலேயே கிடைத்தது என்று சொல்லும்படி இல்லை. உள்ளே போனதென்னவோ அதுதான். ரத்தத்தில் ஓடுவது வேறு ஆட்கள்.

நடப்பது இதுதான். சிறுகுடல் சுவரின் செல்லுக்குள் எபிகேட்டசின் நுழைந்த மறுகணமே, உடம்பு அதை வெளியாள் என்று அடையாளம் காண்கிறது. குளூக்குரோனிக் அமிலம், சல்பேட், மெத்தில் என்று ஏதாவது ஒன்றை அதன் முதுகில் ஒட்டி அனுப்புகிறது. ஒட்டியவற்றில் ஒரு பகுதியைச் சுவரில் இருக்கும் பம்புகள் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளிவிடும். தப்பியது கல்லீரலுக்குப் போய் அங்கே இன்னொரு முறை மாட்டிக்கொள்ளும். ஒட்டுவது எல்லாம் நீரில் நன்றாகக் கரைய வைக்கும் சமாச்சாரங்கள், சிறுநீரகம் சுலபமாக வெளியேற்றுவதற்காக. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலை உடம்பு வெளியேற்றுவதும் முக்கியமாக இதே வழியில்தான். நாம் சத்து என்று கொண்டாடி உள்ளே அனுப்புவதை, உடம்பு மாத்திரையை நடத்துவதைப் போலவே நடத்துகிறது. வாசலிலேயே சீட்டு ஒட்டி, வெளியே போகும் வழியைக் காட்டி அனுப்புகிறது.

அக்கா கேட்ட 'ஒட்டுவது' எனக்கு அப்போதுதான் தலைகீழாகத் திரும்பியது. கோகோ உடம்பில் ஒட்டவில்லை. உடம்புதான் கோகோவின் மேல் எதையோ ஒட்டுகிறது.

இப்படிச் சீட்டு ஒட்டப்பட்டவை குடித்த இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, அதே வேகத்தில் இறங்கிவிடுகின்றன. ஆனால் 82 சதவீதக் கணக்கில் இவை சிறுபான்மைதான். பெரும்பகுதி ரத்தத்துக்கு வந்தது பெருங்குடல் வழியாக, பல மணி நேரம் கழித்து. அங்கே இருக்கும் நுண்ணுயிரிகள் எபிகேட்டசினின் வளையத்தை உடைத்து வாலரோலாக்டோன் என்ற சிறு மூலக்கூறுகளாக்குகின்றன. எகர்தெல்லா லென்டா என்ற பாக்டீரியா முதல் வளையத்தைத் திறக்க, ஃபிளவோனிஃபிராக்டர் என்ற இன்னொன்று வேலையைத் தொடர்வதாகச் சோதனைச் சாலையில் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் பூட்டை உடைக்க, மற்றவர் சாமானைத் தூக்குவதுபோல. பெருங்குடல் நீக்கப்பட்டவர்களிடம் இந்த வாலரோலாக்டோன்கள் தென்படுவதில்லை. காலை ஒன்பது மணிக்குக் குடித்தால் பதினொரு மணிக்கு முதல் அலை, மாலையை ஒட்டி இரண்டாவது அலை. அதன் எச்சம் மறுநாள் சிறுநீரிலும் இருக்கும். ஒரு டம்ளர் கோகோ இவ்வளவு நேரம் நமக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்புதான்.

இதைப் படித்த பிறகு, தட்டில் வளர்த்த செல்கள்மேல் எபிகேட்டசினை ஊற்றி, அது அதைச் செய்தது இதைச் செய்தது என்று வரும் செய்திகளை நான் பாதிக் கண்ணால்தான் படிக்கிறேன். ரத்தக் குழாயின் செல் ஒன்று அந்த வடிவில் எபிகேட்டசினை அதன் வாழ்நாளில் சந்திக்கப் போவதே இல்லை. எலி ஆய்வுகளுக்கும் இதே சந்தேகம் பொருந்தும். எலியின் உடம்பு ஒட்டும் சீட்டு வேறு, நம் உடம்பு ஒட்டுவது வேறு.

ஆன்டிஆக்சிடன்ட் என்ற பெரிய சொல்லும் எனக்கு இங்கேதான் உடைந்தது. நல்ல கோகோவைக் குடித்தாலும் ரத்தத்தில் இந்தப் பொருள்களின் அளவு பெரும்பாலும் லிட்டருக்குச் சில மைக்ரோமோலுக்குள் (மூலக்கூறுகளை எண்ணும் ஒரு சிறு அலகு) அடங்கிவிடும். நம் ரத்தத்தில் எப்போதும் இருக்கும் யூரிக் அமிலமே நூற்றுக்கணக்கான மைக்ரோமோல், அதுவும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்தான். கடலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு அலை உயர்ந்தது என்று சொல்கிற கதை. உணவுகளை ஆன்டிஆக்சிடன்ட் திறனால் வரிசைப்படுத்திய பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறை 2012இல் தன் இணையதளத்திலிருந்து எடுத்தேவிட்டது. சோதனைக் குழாயில் அளந்த எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை, விளம்பரக்காரர்கள் அதை இஷ்டத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் காரணம்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? அளவு சிறிதானாலும் சைகையாக வேலை செய்ய முடியும் என்பது இப்போதைய பார்வை. ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் குழாயைத் தளர்த்துகிறது. ஃபிளவனால் நிறைந்த கோகோ குடித்த இரண்டு மணி நேரத்தில் குழாய் விரியும் திறன் கூடுவதை அளந்திருக்கிறார்கள், அந்த முதல் அலை வரும் அதே நேரத்தில். வெறும் எபிகேட்டசினைக் கொடுத்தாலும் அதே மாதிரி விரிந்தது என்று 2006இல் காட்டினார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல், தினம் 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் ரத்தக் குழாயின் நெகிழ்வைப் பேண உதவும் என்பதை ஏற்றுக்கொண்டது. என் கருப்புப் பொடியில் அந்த 200ஐ எட்ட ஐம்பது கிராமுக்கு மேல் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். நான் போட்டது பத்துக் கிராம் இருந்தால் அதிகம்.

பெரிய பரிசோதனை என்று எடுத்தால் அமெரிக்காவில் 21,442 முதியவர்களை வைத்து நடத்திய காஸ்மாஸ். தினம் 500 மில்லிகிராம் ஃபிளவனால், மாத்திரையாக. 2022இல் வந்த முடிவில், முதன்மை இலக்காக வைத்திருந்த மொத்த இதயநோய் நிகழ்வுகள் 10 சதவீதம் குறைந்தன, ஆனால் அது தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்னும் எல்லைக்குள். இதயநோயால் இறப்பது 27 சதவீதம் குறைந்தது, அது இரண்டாம் நிலை இலக்கு. சாக்லேட் நிறுவனமான மார்ஸ் இதற்குப் பணம் கொடுத்தவர்களில் ஒன்று. மேலே சொன்ன ஆய்வுகளில் பலவற்றிலும் அதன் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அதற்காக நான் அவற்றைத் தூக்கி எறியவில்லை. வாழைப்பழத்தோடு சாப்பிடாதே, காரம் போட்ட பொடியில் ஒன்றுமில்லை என்பதெல்லாம் சாக்லேட் விற்க உதவும் முடிவுகளா என்ன? இருந்தாலும் 27ஐ மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே நிற்கிறேன்.

உள்ளே போகாததும் சும்மா இருப்பதில்லை

எனக்கு இன்னொரு கணக்குத் தீர வேண்டியிருந்தது. அந்த ஏழெட்டு மாதங்களில் கோகோ குடித்த காலைகளில் எனக்கு உண்மையிலேயே சுறுசுறுப்பாக இருந்தது. ஃபிளவனால்தான் போய்ச் சேரவில்லையே, அது எங்கிருந்து வந்தது? தியோபுரோமினும் கொஞ்சம் கஃபீனும். கோகோப் பொடியில் தியோபுரோமின் 2 சதவீதம் அளவுக்கு இருக்கும். இதை வாழைப்பழத்தின் நொதி தொடாது, ஏனென்றால் இது பீனால் வகையே அல்ல. காரத்துக்கும் அவ்வளவாக அசையாது. குடலில் ஏறக்குறைய முழுவதும் உள்ளே போகும், வாசலில் சீட்டு எதுவும் ஒட்டப்படாமல் தன் சொந்த உருவிலேயே ரத்தத்தில் சுற்றும், கல்லீரல் மெதுவாகக் கரைக்கும். பாதியாகக் குறையவே ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாய்களுக்கு இது இரண்டு மடங்குக்கும் மேல் நேரமெடுப்பதால்தான் சாக்லேட் அவற்றுக்கு நஞ்சாகிறது. பெயரைப் பார்த்துப் புரோமின் இருக்கிறதோ என்று பயப்பட வேண்டாம். 1753இல் லின்னேயஸ் கோகோ மரத்துக்கு வைத்த தியோபுரோமா என்ற பெயரிலிருந்து வந்தது, கடவுளரின் உணவு என்று பொருள்.

அப்புறம் அக்கா. அவள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவள். என் பேச்சைக் கேட்டுக் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கூடவே கோகோவைக் குடித்துக்கொண்டிருந்தாள். கோகோவில் எபிகேட்டசின் தனி மணியாக மட்டும் இல்லை, மணிகள் கோத்த மாலையாகவும் இருக்கிறது. புரோசயனிடின் என்பார்கள். நாக்கில் துவர்ப்பதற்கு முக்கியக் காரணம் இந்த மாலைகள்தான். எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் இறுகிய மாதிரி தோன்றும். நீளமான மாலைகள் குடல் சுவரைத் தாண்டுவதில்லை. இரண்டு மணி கோத்தது ரத்தத்தில் கிடைத்தால் சொற்பம். என் பழைய கணக்குப்படி இவை முழுக்க வீண். ஆனால் உள்ளே போகாமல் குடலிலேயே நின்றுகொண்டு, எச்சிலைப் பிடித்த அதே கையால் உணவின் இரும்பையும் இந்தப் பீனால்கள் பிடித்துக்கொள்கின்றன. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ரொட்டி உணவோடு கோகோ குடித்தவர்கள் அந்த உணவின் இரும்பை உறிஞ்சியது 71 சதவீதம் குறைந்தது. தேநீர் இன்னும் மோசம், அதற்காகக் கோகோவுக்கு நற்சான்று தர முடியாது.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. உடம்பில் நிஜமாகவே ஒட்டுகிற பொருள் ஒன்று உண்டென்றால் அது இரும்பு. உள்ளே வந்த இரும்பை நினைத்தபடி வெளியேற்ற உடம்பிடம் வழியே கிடையாது. அதனால்தான் வாசலிலேயே அவ்வளவு கெடுபிடி. ஓரிரு நாளில் கிளம்பிப் போகும் எபிகேட்டசினுக்காக, வந்தால் மாதக்கணக்கில் தங்கும் இரும்பை நான் அக்காவின் வாசலில் மறித்திருக்கிறேன்.

இந்த முறை சொல்லித்தான் ஆக வேண்டும். போன் செய்து மாத்திரையையும் கோகோவையும் சேர்த்துக் குடிக்க வேண்டாம், நடுவில் இரண்டு மணி நேரமாவது விடு என்றேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "மாத்திரை எத்தனை மணிக்குப் போடணும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கறேன். உன்கிட்ட கேக்கறதா இல்ல," என்றாள். நியாயம்தான்.

இப்போது வெளிர் பழுப்பில், துவர்க்கிற பொடி வாங்குகிறேன். பால் சேர்க்கிறேன். முதல் நாள் குடித்தபோது துவர்ப்பு நாக்கை இறுக்கியது, சரி, மாலைகள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். வாழைப்பழத்தை மதியத்துக்குத் தள்ளியாயிற்று. போன வாரம் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். சமையலறை அலமாரியைத் துழாவிவிட்டு, "அந்தக் கருப்புப் பொடி பாதி டப்பா இருந்துச்சே, தூக்கிப் போட்டுட்டியா?" என்று கேட்டாள்.

கேக் செய்தேன் என்றேன். சமையல் சோடா போட்டு, இரண்டு வாழைப்பழம் பிசைந்து. சோடாவின் காரமும் அடுப்பின் சூடும் பழத்தின் நொதியும் சேர்ந்து கெடுப்பதற்கு அதில் பெரிதாக மிச்சம் ஒன்றும் இல்லை. நிறம் மட்டும் பிரமாதமாக வந்திருந்தது. ஒரு துண்டு வைத்திருந்தேன், அக்கா அதையும் தின்றுவிட்டுத்தான் கிளம்பினாள்.